அவையில் நாலு வார்த்தை!

இன்ஜினீயரிங் காலேஜ்ல படிக்கிற யாரை வேணா நிறுத்தி, 'உன்னைப் பத்திச் சொல்லு'னு கேட்டுப் பாருங்க. பேரு, ஊரு, அப்பா வேலை, ஹாபி கிரிக்கெட், பலம் கடின உழைப்பு... கிளாஸ் மொத்தத்துக்கும் ஒரே பதில்தான்! சீனியர்கிட்ட இருந்து ஜூனியருக்கு ஜெராக்ஸா வந்த பரம்பரைச் சொத்து அது. அதனால மூணாவது வருஷத்துல பேச்சுப் பயிற்சினு ஒரு வகுப்பு போட்டதும், அந்த ஜெராக்ஸையே ஸ்டைலான இங்கிலீஷ்ல மாத்தித் தருவாங்கனு நம்பித்தான் எல்லாரும் போய் உட்கார்ந்தோம். பின்னே, கேம்பஸ் இன்டர்வியூ வருது. குரூப் டிஸ்கஷன்னு ஒரு கண்டம் இருக்கே!

மேடம் வந்தாங்க. கிராமர் பக்கமே போகல. 'யார்கிட்ட பேசப் போற? அவங்க ஏன் உன்னை நம்பணும்?' போர்டுல எழுதினது இவ்வளவுதான். பேசுறவர் மேல வர்ற நம்பிக்கை, கேட்கிறவங்க மனசு, சொல்ற விஷயத்தோட நியாயம்னு 2,300 வருஷத்துக்கு முன்னாடியே அரிஸ்டாட்டில் மூணாப் பிரிச்சு வெச்சுட்டாராம். அப்புறம் திருக்குறள். 72-வது அதிகாரம் அவையறிதல், 73-வது அவை அஞ்சாமை. 'வரிசையைக் கவனிங்க. எதிர்ல இருக்கிறவங்க யாருன்னு தெரிஞ்சுக்கிறது முதல்ல. பயம் போறது அடுத்துதான்'னாங்க. 'பயத்தை விடு, பயத்தை விடு'னு மைக்ல கத்திட்டுப் போற தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் யாரும் எங்களுக்கு இதைச் சொன்னதே இல்ல.

செம காமெடி நன்னூல்தான். நூல் எழுதுறவங்களுக்குப் பவணந்தி முனிவர் சொன்ன பத்துக் குற்றங்கள், எங்க செமினாருக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு! ஸ்லைடுல இருக்கிறதையே திரும்பப் படிச்சா 'கூறியது கூறல்'. பாலத்தைப் பத்திக் கேட்டா சிமென்ட் வரலாறு சொன்னா 'மற்றொன்று விரித்தல்'. முதல் ஸ்லைடுல சிங்கமா ஆரம்பிச்சு, 'தேங்க் யூ' சொல்றப்போ பூனையா முடிச்சா 'சென்று தேய்ந்திறுதல்'. இப்ப எங்க கிளாஸ்ல இதெல்லாம் பட்டப்பேரா ஆயிடுச்சு.

ரெண்டாவது வாரம், ஊரைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசணும். தமிழோ இங்கிலீஷோ, கலந்தோ பேசலாம். எங்க உத்திரமேரூர்ப் பையன் ஒருத்தன் எழுந்தான். தலைப்பைத் தேட வேண்டிய வேலையே இல்ல. குடவோலை! வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கிற, முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ம் வருஷக் கல்வெட்டுகள். 30 குடும்பு, ஓலையில பேரு, எல்லாரும் பார்க்கிற மாதிரி குடத்தைத் தூக்கிக் காட்டுறது, சின்னப் பையன் எடுத்துக் கொடுக்கிற ஓலையை அஞ்சு விரலையும் விரிச்சு வாங்கிச் சத்தமாப் படிக்கிறதுனு வெளுத்து வாங்கினான். 2020-ல நாடாளுமன்றப் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமர் பேச்சுல எங்க ஊர் வந்ததையும் விடல. விசில் பறந்துச்சு.

அப்பத்தான் கடைசி பெஞ்சுல இருந்து ஒரு கை மேல வந்துச்சு. ரெண்டு வருஷமா 'பிரசென்ட் மேம்' தவிர வேற எதுவும் பேசாத பொண்ணு. அரசுப் பள்ளியில தமிழ் மீடியம். 2021-ல வந்த 7.5 சதவிகித இடஒதுக்கீட்டுச் சட்டத்துல சீட் வாங்கி வந்தவ. 'அந்தச் சபையில எங்க பாட்டி பேரை ஓலையில எழுதியிருப்பாங்களா?'னு கேட்டா.

கிளாஸ் கப்சிப்.

மேடம் பதில் சொல்லல. 'கல்வெட்டு என்ன சொல்லுதுனு நீயே சொல்லு'னாங்க. சொன்னா. வயசு 35-லிருந்து 70-க்குள்ள இருக்கணும். கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு. கணக்குக் காட்டாதவருக்கும் அவரோட சொந்தக்காரங்களுக்கும் இடம் கிடையாது. அது பிராமணர் ஊரோட சபை. இன்னொருத்தர் வயல்ல நாத்து நடுற பொம்பளைக்கு அங்க இடம் ஏது? 'கணக்குக் காட்டாதவனை வெளிய நிறுத்தினது பெரிய விஷயம்தான். அதுக்கு நானும் கை தட்டுவேன். ஆனா, எங்க பாட்டியும் வெளியதான் நின்னிருக்கும்'னு உட்கார்ந்துட்டா. ஒரு நிமிஷம்கூட இருக்காது. பவணந்தி வந்தாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

இதனால வேலை கிடைக்குமானு கேட்டா... தெரியல பாஸ். குரூப் டிஸ்கஷன் இங்கிலீஷ்லதான் நடக்கும். எட்டு பேரு ஒரே நேரத்துல கத்துற இடத்துல யார் அவையறிதல் பார்க்கப் போறாங்க? ஆனா, 'இங்கிலீஷ் வரல, அதனால எனக்குப் பேச்சே வரல'னு நினைச்சிட்டு இருந்த பாதி கிளாஸ், அன்னிக்கு சாயங்காலம் பஸ்ல வாய் ஓயாம அந்தச் சபையைப் பத்தியே சண்டை போட்டுட்டு வந்துச்சு. கண்டக்டரும் நடுவுல புகுந்து ஒரு பாயின்ட் சொன்னார்.

அடுத்த வாரத்துக்கு அவதான் முதல் ஆளாப் பேரு கொடுத்திருக்கா. தலைப்பு, கல்வெட்டுல வர்ற ஏரி வாரியம். அதுவும் இங்கிலீஷ்ல பேசப் போறாளாம். வாரியத்துக்குச் சரியான இங்கிலீஷ் வார்த்தை கமிட்டியா, போர்டானு நாங்க நாலு பேரு இப்ப கேன்டீன்ல மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கோம்.