அசலைத் தொடாதலே!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை! ஆற்றுத் தண்ணீர் சிந்துபூந்துறைக்குள் வந்துவிட்டது என்று கேட்டதும், தச்சநல்லூரில் நாங்களும் சாமான்களைப் பரணில் ஏற்றினோம். அந்த அவசரத்தில் அப்பாவின் மளிகைக் கடைக் கணக்கு இருந்த கணினியை நான்தான் கை நழுவ விட்டேன். தண்ணீர் வாசலோடு நின்றுவிட்டது. கணக்கு போய்விட்டது.

யார் யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில்தான். வேறு நகல் உண்டா என்று கேட்காதீர்கள்...

கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்தேன். 'டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா?' என்றது. 'சரி'யை அழுத்தப் போனேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் நண்பன் போனிலேயே கத்தினான்: "தொடாதலே! மொதல்ல ஆஃப் பண்ணு!"

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. 'சரிசெய்வது' என்றால் அதே டிஸ்க்கில் எழுதுவது. தப்பாகத் திருத்தினால் பழையது திரும்பாது. சும்மா திறந்து பார்க்கிறேனே என்றால் அதற்கும் மவுண்ட் செய்ய வேண்டும். 'படிக்க மட்டும்' என்று மவுண்ட் செய்தாலும், லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்றவை பாதியில் நின்ற பதிவுகளை முடித்து எழுதிவிடும். அந்தப் பதிவேட்டுக்குப் பெயரே ஜர்னல்! பி.காம். முதலாம் ஆண்டில் நாங்கள் படித்த குறிப்பேடுதான். குறிப்பேட்டில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றும் அதே வேலை.

அதனால் மவுண்ட் செய்யாமலே டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை அப்படியே வேறொரு பெரிய டிஸ்க்கில் ஒரே கோப்பாக நகலெடுக்க வேண்டும். அதுதான் டிஸ்க் இமேஜ். அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதிய டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. எளிதாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று தனியாக ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம்ம ஊருக்கு ஏற்ற சாமான்!

ஒன்றை மறந்துவிடாதீர்கள். டிஸ்க் 'டக் டக்' என்று அடித்தாலோ, தண்ணீரில் நனைந்திருந்தாலோ கரண்டே கொடுக்கக் கூடாது. அது இதற்கென்றே இருக்கும் ஆய்வகங்களின் வேலை. என்னுடையது நல்லவேளை சத்தமில்லாமல் சுற்றியது.

இரண்டு நாள் ஓடியது. அந்த இமேஜுக்கும் இன்னொரு நகல் எடுத்து, அதில்தான் ரிப்பேர் எல்லாம் செய்தோம். முதல் தடவை சொதப்பினேன். பரவாயில்லை, நகல்தானே! வீட்டுப் பத்திரத்தின் அசலை பீரோவில் பூட்டிவிட்டு, ஜெராக்ஸில் கிறுக்குவது மாதிரி.

சில படங்கள் போயின. பாக்கிக் கணக்கு முழுதாகக் கிடைத்தது. அப்பா பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதிப் பேர் சிந்துபூந்துறைக்காரர்கள்.

"அவங்களுக்கும்தாம்லே எல்லாம் போச்சு. தை பொறக்கட்டும், பொறவு பாப்போம்."

கணக்கு வேண்டும். கேட்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கவாவது அது இருக்க வேண்டும் இல்லையா?