மோட்டார் பணமும் ராத்திரி ஜெபமும்

ராத்திரி எட்டு மணிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா? ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுக்களையிலிருந்து மீன் குழம்பு வாசனை வரும். அப்பளம் பொரிக்கிற சத்தம் கேட்கும். ஆனால், உடனே இலை போடமாட்டார்கள். நடுவில் ஒன்று இருக்கிறது. அதற்குக் குடும்ப ஜெபம் என்று பெயர்.

பாயை விரிப்பார்கள். ஒரு கீர்த்தனை. வேதாகமத்தில் ஒரு அதிகாரம் (பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு வசனம் வாசிக்க வேண்டும். தூங்கி வழிந்தால் முதுகில் ஒன்று விழும்). அப்புறம் முழங்கால். எல்லோரும் முழங்கால் போட்டதும் வீட்டுத் தலைவர் ஜெபத்தை ஆரம்பிப்பார். எப்போது முடிப்பார் என்பது அவருக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஜெபத்திலும் அட்டெண்டன்ஸ் எடுப்பார். ஜனாதிபதி, பிரதம மந்திரியில் ஆரம்பித்து சபை குரு, உபதேசியார், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், பரீட்சை எழுதப் போகிறவர்கள் என்று வரிசையாக வந்து, கடைசியில் சொந்தக்காரர்கள். அதுவும் வயசு வரிசைப்படி. ஒரு பெயர்கூட விட்டுப்போகாது. வெள்ளிக்கிழமை மட்டும் ஜெபம் அரைமணி நேரம் தள்ளிப்போகும். 'ஒலியும் ஒளியும்'தான் காரணம் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தக் காலத்து அப்பாக்கள் மகனிடம் நேரில் பேசுவது அபூர்வம். "சாப்பிட்டானா?", "எங்க போய்ட்டு வாரான்?" எல்லாம் அம்மா வழியாகத்தான் வரும். ஜெபத்தில் மட்டும் எங்கள் அப்பா கர்த்தர் வழியாகப் பேசுவார். "ஆண்டவரே, இவனுக்குக் கணக்குப் பாடத்தில் தெளிவைத் தாரும்" என்றால், மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். "பொழுது சாயுமுன் வீடு சேரும் நல்ல பழக்கத்தைத் தாரும்" என்றால், நாங்கள் சாத்தான்குளத்துக்கு சைக்கிளில் சினிமா பார்க்கப் போன தகவல் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். என்னைப் பற்றி அவர் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி நான் கேட்டதும் முழங்காலில்தான். நேரில் சொன்னதே இல்லை.

இந்த வீட்டில்தான் 1988-ல் மோட்டார் எரிந்தது.

தோட்டத்துக் கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. பம்ப்செட்டும் பொது. மூன்று நாள் அவர் முறை, மூன்று நாள் எங்கள் முறை, ஞாயிற்றுக்கிழமை மோட்டாருக்கும் ஓய்வு நாள். ஒரு சனிக்கிழமை ராத்திரி காயில் கருகிப்போனது. ரீவைண்டிங் செலவு 1,800 ரூபாய். யார் முறையில் எரிந்தது? "என் முறை சாயங்காலத்தோட முடிஞ்சுது" என்றார் பெரியப்பா. "நான் சுவிட்சையே தொடலையே" என்றார் அப்பா. அங்கிருந்து பேச்சு தாத்தா பாகம் பிரித்த காலத்துக்குப் போனது. அப்புறம் யார் யாருக்கு எத்தனை பனைமரம் என்று போனது. கடைசியில், எதைச் சொல்லக்கூடாதோ அதையும் இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். பேச்சு நின்றது.

இதில் ஒரு வசதிக்குறைவு என்னவென்றால், இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். தாத்தா கட்டின வீடு. நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியது. சுவர் ஓடு வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

அன்று ராத்திரி ஜெபத்தில் எங்களுக்கு ஒரே ஒரு கவலைதான். சொந்தக்காரர் வரிசை வரும்போது என்ன செய்வார்? வயசு வரிசைப்படி பெரியப்பா பெயர்தானே முதலில் வரவேண்டும்? நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா அந்த இடத்தில் நின்றார். சுவர்க் கடிகாரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு, "அண்ணன் வீட்டையும் ஆசீர்வதியும்" என்று சொல்லிவிட்டு, ரயிலைப் பிடிக்கிறவர் மாதிரி அடுத்த பெயருக்கு ஓடினார்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "பகல் பூரா ஏசுதீங்க. ராத்திரியானா ஆசீர்வாதமாக்கும்?"

அப்பா சொன்னார்: "ஏசுறது எனக்கும் அவருக்கும். இது எனக்கும் கர்த்தருக்கும். ரெண்டையும் சேத்துக் குழப்பாத."

பெரியப்பா வீட்டிலும் அதே நேரத்துக்குத்தான் ஜெபம். சுவருக்கு மேலே அவர் குரல் கேட்கும். அவரும் எங்கள் அப்பா பெயரை விடவில்லை. ஆனால், வாசகம் கொஞ்சம் வேறு: "என் தம்பிக்கு நல்ல புத்தியைத் தாரும்." இங்கே அப்பாவின் முதுகு விறைக்கும். மறுநாள் இந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கொஞ்சம் கூடும்: "ஆண்டவரே, பாதிப் பணம் கொடுக்க நான் ஆயத்தமாயிருக்கிறேன் என்று உமக்குத் தெரியும்." அதற்கு அடுத்த நாள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "கர்த்தாவே, பணம் பெரிசல்ல, சொன்ன வார்த்தைதான் பெரிசு என்று நீர் அறிவீர்."

நடுவில் கர்த்தரை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பஞ்சாயத்து! எனக்கும் பெரியப்பா மகனுக்கும் சிரிப்பை அடக்க முடியாது. மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது வரி வரியாகச் சொல்லிச் சிரிப்போம்.

ஆனால், ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு வராது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து பலிபீடத்துக்குப் போவார்கள். எங்கள் அப்பா மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முன்னால் நாலாவது பெஞ்சில் பெரியப்பாவும் உட்கார்ந்திருப்பார். யாரும் தடுக்கவில்லை. அவர்களே போகவில்லை. மூன்று வருஷம்! வாழ்க்கை முழுக்க ஒரு திருவிருந்தைத் தவறவிடாத மனிதர்கள் இரண்டு பேர்.

காரணம், மத்தேயு ஐந்தாம் அதிகாரம். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த பிறகு, உன்மேல் உன் சகோதரனுக்கு மனக்குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு சமாதானமாகு, பிறகு வா என்று இயேசு சொல்கிற இடம். நன்றாகக் கவனியுங்கள். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால்! யார் முறையில் மோட்டார் எரிந்தது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. வக்கீல் வைத்தாலும் தப்பிக்க முடியாத வாக்கியம்.

இதைச் செய்து பார்ப்பதற்காகவே வழிபாட்டின் நடுவில் ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். சமாதானம் பரிமாறுதல். ஆதி கிறிஸ்தவர்கள் இதை முத்தம் கொடுத்துச் செய்தார்கள். பவுல் தன் கடிதங்களில் அப்படித்தான் வாழ்த்தச் சொல்கிறார். (நல்லவேளை, நம் ஊரில் கை அளவோடு நின்றது!) ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. ஆனது. 1950-ல் அந்தச் சபை தனக்கென்று ஒரு திருவிருந்து முறையை வகுத்துக்கொண்டபோது, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து இந்தக் கைப் பழக்கத்தை எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கக் கோயில்களில் கைகூப்பி வணக்கம் சொல்வார்கள். 1969-ல் இந்தியாவுக்கென்று ரோம் கொடுத்த அனுமதிகளில் அதுவும் ஒன்று.

எங்கள் முறை இப்படி: கொடுக்கிறவர் தன் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார். இரண்டு பேரும் இடது கையால் மற்றவர் கையை மூடிக்கொள்வார்கள். பலிபீடத்தில் புறப்படும் சமாதானம் பெஞ்ச் பெஞ்சாக, ஆள் ஆளாகக் கடைசி வரிசைக்கு வந்து சேரும். தபால் மாதிரி. நடுவில் ஒருத்தர் கையை மடக்கிக்கொண்டால் பின்னால் இருப்பவருக்குக் கிடைக்காது.

1991-ல் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. மெட்ராஸ், பம்பாய் என்று போயிருந்த ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து இறங்கியிருந்தார்கள். உட்கார இடமில்லை. கடைசி பெஞ்சை வெளியூர்க்காரர்கள் பிடித்துக்கொண்டதால் கோயில்பிள்ளை அப்பாவை முன்னால் கூட்டிப்போய், கிடைத்த இடுக்கில் உட்காரவைத்தார். பக்கத்தில் பெரியப்பா. கோயில்பிள்ளை தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று ஊரில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். அவரைக் கேட்டால், "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்பார்.

சமாதானம் வந்தது. முன் வரிசை, இரண்டாம் வரிசை... நாலாவது பெஞ்சில் பெரியப்பா கைக்கு வந்து நின்றது.

நின்றது என்றால், நின்றேவிட்டது. அடுத்தது அப்பா. அப்பாவுக்கு அடுத்து, ஓரத்தில், கண் தெரியாத ஒரு தாத்தா. எண்பது வயசிருக்கும். சத்தத்தை வைத்து தன் முறை நெருங்கிவிட்டது என்று தெரிந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

பெரியப்பா அந்தக் கையைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். அப்புறம் யார் முதலில் கை நீட்டியது என்று பின் பெஞ்சிலிருந்த எனக்குத் தெரியவில்லை. நாலு கைகளும் சேர்ந்திருந்ததைத்தான் பார்த்தேன். பெரியப்பா வாயைத் திறந்தார். 'சமாதானம்' என்ற ஒரு வார்த்தை பாதிக்கு மேல் வரவில்லை. அப்பா தாத்தாவின் பக்கம் திரும்பி அதைக் கொடுக்கும்போது, "யாரு, வாத்தியாரா? கை ஏன் இப்படி நடுங்குது?" என்று தாத்தா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

அன்றைக்கு இரண்டு பேரும் எழுந்து பலிபீடத்துக்குப் போனார்கள்.

இதற்குப் பிறகு கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நினைக்காதீர்கள். சினிமா இல்லை. வீட்டுக்குத் தனித்தனியாகத்தான் நடந்தார்கள். மத்தியானம் பெரியம்மா ஒரு தூக்குவாளியில் ஆட்டுக் கறி கொடுத்தனுப்பினார்கள். அம்மா அதைக் கழுவி, வெறும் வாளியாகத் திருப்பக்கூடாது என்று முறுக்கு போட்டு அனுப்பினாள். ராத்திரி ஜெபத்தில் இரண்டு பக்கமும் சத்தம் குறைந்திருந்தது. அவ்வளவுதான். பேச்சு மெதுவாக, மழை, உரம், வாழைத்தார் விலை என்று வந்து சேர்ந்தது.

நான் 1995-ல் வேலை கிடைத்து சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷன். ஒரு ரூமுக்கு மூன்று பேர். ஒருவர் ஸ்ரீரங்கம், ஒருவர் மேலப்பாளையம். நான் கட்டிலோரம் முழங்கால் போட்டால் ஸ்ரீரங்கம் சொல்லுவார்: "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார், லிஸ்ட்ல நம்ம பேர் இருக்கான்னு பார்க்கலாம்."

லிஸ்டில் அவர் இருந்தார். ஆபீஸில் எனக்கு லீவு தரவே கூடாது என்று விரதம் இருந்த ஒரு அதிகாரியும் இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவர் பெயரைச் சொல்லுவேன். இதில் ஒரு சங்கடம் உண்டு. பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு அவரைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். விசாரித்தேன். அவர் பெண் பிளஸ் டூ பரீட்சை எழுதுகிறாள் என்று தெரிந்தது. சரி என்று அவளுக்காக ஒரு மாதம் ஜெபித்தேன். ரிசல்ட் வந்த அன்று, "சார், பாப்பா எவ்வளவு மார்க்?" என்று கேட்டபோது, மனுஷர் அசந்துபோய் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். நல்ல மார்க். லீவு மட்டும் அப்புறமும் கிடைக்கவில்லை. ஆனால், அவரைப் பார்த்தால் வயிறு எரிவது எனக்கு நின்றுபோயிருந்தது. தினம் ராத்திரி ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டே காலையில் அவரை வெறுப்பது கஷ்டமான வேலை. அப்பா மூன்று வருஷம் முயற்சி பண்ணிப் பார்த்தும் முடியாத வேலை.

2020-ல் கொரோனா வந்து கோயிலைப் பூட்டினார்கள். திறந்தபோது கை கொடுக்காதீர்கள், கும்பிடு போதும் என்றார்கள். அது சரிதான். ஆனால், கும்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது சுலபம். கைக்குள் கை இருக்கும்போது அது முடியாது.

பெரியப்பா 2009-ல் இறந்துபோனார். அடக்கம் முடிந்த ராத்திரியும் எங்கள் வீட்டில் ஜெபம் நடந்தது. அப்பா வரிசையாக வந்தார். சொந்தக்காரர்கள் வந்ததும் பழக்கத்தில், "அண்ணன்..." என்று ஆரம்பித்துவிட்டார். அப்படியே நின்றார். எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் கிடையாது. இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லி என்ன கேட்பது? கடிகாரம் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அப்பா சொன்னார்: "அண்ணனைத் தந்ததற்காக ஸ்தோத்திரம்."

அன்றிலிருந்து அப்பாவின் பட்டியலில் பெரியப்பாவுக்கு அதுதான் வாசகம். கேட்பதற்கு ஒன்றுமில்லை, நன்றி மட்டும்.

அந்த 1,800 ரூபாயா? அது இன்றுவரைக்கும் தீரவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா மகனிடம் கேட்டேன்: "ஏல, உங்க வீட்டு பாக்கி 900 ரூபா எப்பம் தருவ?"

"ராத்திரி சத்தமா ஜெபம் பண்ணு. கேக்குதான்னு பாப்போம்" என்றான்.