உளியும் உவமையும்

சவ்வாது மலையடிவாரத்தமைந்த படவேடு, 14-ஆம் நூற்றாண்டிற் சம்புவராயர்க்குத் தலைநகராய் விளங்கியது. இரேணுகாம்பாள் திருக்கோயிலால் இன்றும் அடியார் நாடும் அவ்வூரில், புதியவர்க்குக் கல்வேலை தொடங்கிவைக்குஞ் சின்னாட் பயிற்சியொன்று சிற்பியார் ஒருவரது பட்டறையில் நிகழ்ந்தது. அதற்குச் சைவப் பெரியவர் ஒருவர் சென்றிருந்தார்.

அவர் மேடைகளில் நெடுநாள் எடுத்தாண்ட உவமை ஒன்றுண்டு. திருவுருவங் கல்லினுள் முன்னரே உளது. வேண்டாத பகுதியை உளி நீக்குகின்றது. அங்ஙனமே மலத்தைக் குருவருள் நீக்கச் சிவம் வெளிப்படும் என்பது அது. அதனைக் கேட்டோர் மகிழ்ந்து கைகொட்டுவர். கல்லின் நடுவே அதனைக் கண்ணாரக் காணலாமென்பதே அவர் விருப்பம்.

சிற்பியார் முதற்கண் கற்களைத் தட்டிக் காட்டினார். ஒலிவேற்றுமை கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் என வகுத்தல் சிற்பநூன் மரபு. பெரியவர் அவ்வகைகளைப் பிழையற ஒப்புவித்தார். தட்டிய ஒலி இன்னதென்று மட்டும் அவர்க்குப் புலப்படவில்லை. உருவமொன்று செதுக்கத் தருவரென்று எண்ணியவர்க்குக் கிடைத்தது ஒரு சாண் சதுரக் கல். காவிநூலாற் கோடிட்டு அதன் முகத்தைச் சமமாக்குதலே பாடம்.

உளியை நிமிர்த்தால் வெள்ளை வடு விழுந்தது. மிகச் சாய்த்தால் வழுக்கிற்று. மூன்றாம் நாள் அடியொன்று மிகுந்து, விளிம்பு ஒரு விரற்கடை ஆழம் உடைந்து வீழ்ந்தது. பெரியவர் அத்துண்டை எடுத்து உரியவிடத்திற் பொருத்திப் பார்த்தார்.

“ஐயா, போனது ஒட்டாது. இனி முகம் முழுவதையும் ஒரு விரற்கடை தாழ்த்த வேண்டும்” என்றார் சிற்பியார்.

துண்டு கையிலிருந்தபோதே தம் உவமையின் குற்றம் பெரியவர்க்குத் தோன்றிற்று. வீழ்ந்ததுங் கல், நின்றதுங் கல். மலமோ உயிரின் கூறன்று. செம்பிற் களிம்புபோல் அநாதியே உடன்நிற்கும் வேறு பொருள். முத்தியினும் அதன் சத்தி மடங்குவதன்றி அஃது அழிவதில்லை என்பதே சித்தாந்தம். அன்றியும், செதுக்கியபின் எஞ்சுவது சிவமென்றால், உயிரே சிவமென்னும் பிறர் கொள்கைக்கன்றோ அவ்வுவமை வழிவிடும்? நூலிற் கற்ற இதனை அவர் அறியாதவரல்லர். கைகொட்டும் ஓசையில் மறந்திருந்தார்.

கல்லின் முகம் இறுதிநாள் வரையிற் சமமாகவில்லை. ஊர் மீண்டபின் நிகழ்ந்த முதற் சொற்பொழிவிலே, தாம் முன்னர்க் கூறிவந்த உவமை பிழையென்று பெரியவர் அவையறிய ஒப்பினார். அன்று எவருங் கைகொட்டவில்லை. அவ்வுடைந்த துண்டு அவரது பூசையறையில் திருநீற்றுக் கலத்தின் அருகே இருக்கின்றது.