எங்கள் வீட்டுச் சாமான்கள்

மிக்சி, கிரைண்டர் பற்றியெல்லாம் ஒரு கட்டுரையா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். நிலம், கூலி, வன்கொடுமை என்று எழுதுகிற பக்கத்தில் சட்டி பானைக்கு என்ன வேலை? இருக்கிறது. நம்மை ஒடுக்கியவர்கள் சட்டி பானையை ஒருநாளும் சின்ன விஷயமாக நினைத்ததில்லை.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம் வெள்ளி போடாதே, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே என்று போகிற அந்தப் பட்டியலில், வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு எதையும் புழங்காதே என்பதும் ஒன்று. அடுத்த வருஷம் தடைகள் பதினொன்றாகப் பெருகின. இப்போது பாத்திர விஷயம் இன்னும் நுணுக்கமாகிவிட்டது. பெண்கள் தண்ணீர் எடுக்க மண்குடம்தான், செம்பும் பித்தளையும் கூடாது. குடத்துக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாடுகூட வைக்கோலில்தான் இருக்கணும், துணியைச் சுருட்டி வைக்கக்கூடாது. 1931 குடிக்கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் குஜராத் ஜானு கிராமத்தைச் சொல்கிறார். 1935 நவம்பரில் அங்கே நம் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள். அதற்காக அடித்தார்கள்.

சும்மாட்டுத் துணி வரைக்கும் யோசித்திருக்கிறான் பாருங்கள். துணியென்றால் தலை கொஞ்சம் நோகாது. அந்தக் கொஞ்ச சுகத்தைக்கூட விடக்கூடாது என்று உட்கார்ந்து தீர்மானம் போட்டிருக்கிறான். 'உங்கள் தேவைக்கேற்ற வீட்டு உபயோகப் பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வருகிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சும்மாடுதான் நினைவுக்கு வரும். தேவை என்ன என்று நம்மைக் கேட்டவன் யார்?

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே. கரும்பு, மரவள்ளி, கொஞ்சம் நெல். என் ஆயா வீட்டில் ரொம்ப நாள் மண்சட்டி, மண்பானை மட்டும்தான். ஒரு வருஷம் கல்லக்கா பறிச்ச கூலியில் ஒரு எவர்சில்வர் குண்டான் வாங்கியது. ஊர்த்தெரு அம்மா ஒருத்தி, "என்னாடி, சேரியில எவர்சில்வர்ல கூழு காச்சுறீங்களாமே"ன்னு களத்தில் வைத்துக் கேட்டாளாம். ஆயா அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். "குண்டான் வாங்குனது நானு, வயிறு எரிஞ்சது அவளுக்கு."

ஆனால் எங்கள் தெருப் பெண்களின் உடம்பைக் காப்பாற்றிய சாமான் எது என்று என்னைக் கேட்டால் எவர்சில்வரைச் சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் குடத்தைச் சொல்வேன். பித்தளைக் குடம் காலியாக இருந்தாலே கனம். மண்குடம் வழுக்கினால் போச்சு. பிளாஸ்டிக் குடத்தில் நீங்கள் சுமப்பது தண்ணீரை மட்டும்தான். பத்து வயசுப் பிள்ளையும் தூக்கும், ஓட்டை விழுந்தால் சூட்டுக்கோல் வைத்து ஒட்டிக்கொள்ளலாம். அதைச் சீர்வரிசையில் யாரும் முன்னால் எடுத்து வைக்கமாட்டார்கள். மண்ணுக்கு ஆகாது, சுற்றுச்சூழலுக்கு ஆகாது என்று பேசுகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லணும்: வீட்டுக்குள் குழாய் வந்த பிறகு பேசுவோம்.

தொலைக்காட்சி விஷயம் வேறு. 2006-ல் தி.மு.க. ஆட்சி 14 அங்குலக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தபோது படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சோத்துக்கு இல்லாதவனுக்கு டிவி தேவையா என்றார்கள். எங்கம்மா அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்தது ஊர்த்தெரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று. உள்ளே விடமாட்டார்கள். படம் நல்ல கட்டத்தில் இருக்கும்போது ஜன்னலைச் சாத்துவார்கள், அது ஒரு விளையாட்டு அவர்களுக்கு. எங்கள் காலனிக்கு டிவி வந்த பிறகு ஒருத்தரும் அந்த ஜன்னலுக்குப் போகவில்லை. தேவை என்றால் வயிறு மட்டும்தான் என்று யார் சொன்னது?

பிறகு 2011 செப்டம்பரில் அ.தி.மு.க. ஆட்சி மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு வந்தபோது பெட்டி பெட்டியாகத் தலையில் வைத்துப் பெண்கள் தூக்கி வந்தது திருவிழா மாதிரி இருந்தது. நாங்கள் முதலில் பிரித்தது ஃபேனை. கொசு. கரும்பு வெட்டிவிட்டு வந்து படுக்கிற ஆளுக்குத் தூக்கம் எவ்வளவு பெரிய சொத்து என்பது மாடிவீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்டே இல்லை. ஃபேன் சும்மா நிற்கும். நாங்கள் பழையபடி விசிறிமட்டை.

கிரைண்டர் 'டேபிள் டாப்'. எங்க வூட்ல டேபிளும் இல்ல, டாப்பும் இல்ல. தொகுப்பு வீட்டில் சமையல் மேடை கிடையாது, அடுப்பு தரையில். இருக்கிற ஒரே பிளக் பாயிண்ட் ஆள் உயரத்துக்கு மேலே, சுவரில். வயர் எட்டாது. அம்மா ஒரு பழைய உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கிரைண்டரை வைத்தது. கல்லுரல் கடைசியில் கிரைண்டருக்கு மேசையானது. இன்னொரு சங்கதி: டிரான்ஸ்பார்மர் ஊர்த்தெருவில், காலனி லைனின் கடைசியில். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் விளக்கு எரியும்போது எங்கள் பல்பு சிவந்துபோகும், கிரைண்டர் உறுமிவிட்டு நின்றுவிடும். பகலில் வோல்டேஜ் இருக்கும், பெண்கள் காட்டில் இருப்பார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மாவாட்டியதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் நான் அந்தத் திட்டத்தைக் குறை சொல்லும் கூட்டத்தில் சேரமாட்டேன். அதுவரை தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் என்றிருந்த இட்லி எங்கள் தெருவில் சாதாரண நாள் சோறானது அந்தக் கிரைண்டரால்தான். இலவசங்களை எதிர்த்த வழக்கில், தேர்தல் அறிக்கை வாக்குறுதியை ஊழல் நடவடிக்கையாகக் கருதமுடியாது என்று உச்சநீதிமன்றம் 2013 ஜூலையில் சொன்னது. அதே தீர்ப்பு, இப்படிப்பட்ட இலவசங்கள் நியாயமான தேர்தலின் வேரையே ஆட்டுகின்றன என்றும் கவலைப்பட்டது. ஊர் வீட்டு நெல்லைப் பரம்பரை பரம்பரையாகக் குத்திக்கொடுத்த கைகள் எங்களுடையவை. அதற்கு வந்த கூலி நொய்யும் தவிடும். ஒரு மிக்சி வந்ததும் இந்தக் கைகள் சோம்பேறியாகிவிடும் என்கிறார்கள். என் சண்டை கொடுத்ததைப் பற்றி அல்ல. எந்த வேலை உன் இடுப்பை ஒடிக்கிறது என்று வாங்குகிற பெண்ணை ஒருவரும் கேட்கவில்லையே, அதுதான்.

இதை எனக்கு நன்றாக உறைக்க வைத்தது கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் கிடந்த மலை அது. வன உரிமைச் சட்டத்துக்கான மனுக்கள் எழுதிக் கொடுக்க வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். ஒரு மலையாளி வீட்டில் மிக்சி பெட்டியோடு பரண்மேல் இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். அந்த அக்கா திருப்பிக் கேட்டார்: "இது சாமை குத்துமா?"

குத்தாது. சாமையின் உமி அரிசியை விடாமல் ஒட்டிக்கிடக்கும். உரலில் போட்டுக் குத்தணும், புடைக்கணும், மறுபடி குத்தணும். ஒரு வேளைச் சோற்றுக்கு ரெண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை பிடிக்கணும். அந்த வீட்டில் இடுப்பை ஒடிக்கிற வேலை அது. சட்னி அரைப்பது அல்ல. மலைப்பெண்கள் சாமையை விட்டு ரேஷன் அரிசிக்கு மாறியதற்கு நாக்கு ருசி காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். உலக்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதட்டும். பக்கத்துக் கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியம் உமி நீக்கும் சின்ன இயந்திரங்களை ஊர்க் குழுக்களிடம் கொடுத்து நடத்த வைத்தது. வீட்டுக்கு ஒன்று வேண்டியதில்லை, ஊருக்கு ஒன்று போதும். வீட்டுக்கொரு பெட்டி என்றால் ஓட்டாகும். ஊருக்கொரு அரவை மில் என்றால் யார் படத்தை ஒட்டுவது?

இப்போது எங்கள் பக்கம் வாங்குவதெல்லாம் தவணையில். குழுக் கடன் எடுத்து ஃபிரிட்ஜ் வாங்கி, வாரத் தவணை கட்ட முடியாமல் தாலியை அடகு வைத்த பெண்களை எனக்குத் தெரியும். பொண்ணுக்குச் சீர் கொடுக்கணும் என்று வாங்கிய ஃபிரிட்ஜில் மாப்பிள்ளை வீட்டில் துணி மடித்து வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். கூட்டங்களில் பெண்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: இது வந்தால் யாருடைய வேலை குறையும்? ரிப்பேரானால் உன் ஊரிலேயே பார்க்க ஆள் உண்டா? கரண்ட் போனால் அது என்ன ஆகும்? நாலு வருஷத்துக்கு உழைக்காத சாமானுக்கு ரெண்டு வருஷத் தவணை கட்டாதே. ஃபிரிட்ஜைவிடக் குக்கர் நல்லது. விறகு பாதி மிச்சம், காலையில் முக்கால் மணிநேரம் மிச்சம். புகையில் கண் எரிவது மிச்சம்.

போன மாசம் எங்கள் வீட்டுப் பழைய மிக்சி ஒரேயடியாக நின்றுவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தது, பாவம். கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்கு அம்மாவும் நானும் போனோம். கடைப் பையன் முதலில் கேட்டது எந்த ஊர் என்று. சொன்னோம். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்றான். அம்மா காலனி என்றதும் மேல் வரிசையிலிருந்து எடுத்த பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, கீழே மூலையில் இருந்த பேர் தெரியாத கம்பெனி மிக்சியை இழுத்தான். "உங்களுக்கு இது போதும்மா, விலையும் கம்மி." எனக்குச் சுருக்கென்றது, வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்டது:

"எனக்கு எது போதும்னு அப்பறம் பாப்போம் தம்பி. மேல இருக்கறத எறக்கு. வயரு எத்தினி நீளம்? நான் தரையில குந்தித்தான் அரைப்பன். கப்ளர் போச்சுன்னா உங்கிட்டியே கெடைக்குமா?"

பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி எழுந்து வந்து ரெண்டு பெட்டியைப் பிரித்து வயரை நீட்டிக் காட்டினார். அம்மா முழம் போட்டு அளந்தது. மடியிலிருந்து காய்ந்த மிளகாய் ரெண்டு எடுத்து, "போட்டு ஓட்டிக் காட்டு" என்றது.