இடப்பக்கம் திரும்பும் சாலை – 2

கடப்பாக்கம் கூட்டுரோட்டில் டீ குடித்துக்கொண்டே ஊர்களை அடித்துக்கொண்டிருந்தோம். காலை 11 மணி. சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டர் வந்திருந்தோம். மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் சித்தப்பா பொடி எழுத்தில் எழுதிவைத்திருந்த 23 ஊர்களில் ஒன்றே ஒன்றுதான் முடிந்திருந்தது.

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. காரில் மூன்று பேர். ஓட்டுவது நான். பின்சீட்டில் அம்மா. முன்சீட்டில் சித்தப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே தனுஷ்கோடி வரைக்கும், மூன்று நாள். பொங்கல் லீவு முடிவதற்குள் திரும்பியாக வேண்டும்.

பேரை நம்பிக் கிளம்புகிறவர்களை இந்தச் சாலை முதல் மணி நேரத்திலேயே ஏமாற்றிவிடும். இதில் கடல் தெரியாது. முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது இடப்பக்கம் ஒரு நீலக்கீற்று. அதற்கப்புறம் காம்பவுண்டுச் சுவர், ரிசார்ட் வளைவு, சவுக்குத்தோப்பு, மறுபடி காம்பவுண்டுச் சுவர். கடல் அதற்கெல்லாம் அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டரிலோ நாலு கிலோமீட்டரிலோ தன்பாட்டுக்கு இருக்கிறது. தெற்கே போகிறவருக்கு அது எப்போதும் இடது கைப்பக்கம். எங்கே நிற்பது என்று யோசிப்பதும் எந்த இடப்பக்கச் சந்தில் திரும்புவது என்று யோசிப்பதும் இங்கே ஒன்றுதான். திரும்பினால் போன வழியே வந்துதான் சாலையைப் பிடிக்க முடியும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அரைமணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் கூலி அழ வேண்டும்.

மாமல்லபுரத்தை வீட்டிலேயே அடித்தாயிற்று. அதற்கென்று தனியாக ஒரு நாள் போகலாம். ஐந்து ரதத்தின் முன்னால் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு ஏறிவிடுவதற்கு நான் ஆளில்லை.

காலையைத் தின்றது சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்தை ஒட்டி டச்சுக்காரர்கள் விட்டுப்போன செங்கல் கோட்டை. உள்ளே கல்லறைகள். கிடத்தியிருக்கும் பலகைக் கற்களில் குலச்சின்னமும் பேரும் வருஷமும் அத்தனை நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு டச்சு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் ஒரு கல் விடாமல் குனிந்து எழுத்துக்கூட்டினார். 1782இல் இந்தக் கரைக்கு எதிரே ஆங்கிலேயர் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதிக்கொண்டதைச் சொன்னார். இந்த ஊர் மஸ்லின் துணி கப்பலேறிப் போனதை அம்மாவுக்காகத் தனியாகச் சொன்னார். அம்மா தன் பருத்திப் புடவை முந்தானையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். அரைமணி என்று போட்டிருந்த இடத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம்.

"இப்படியே போனா ராத்திரிக்குப் பாண்டிச்சேரிதான்" என்றேன்.

"பாண்டிச்சேரியை அடி" என்றார் சித்தப்பா.

"அடிச்சாச்சு."

"அடிச்சா அடிச்சுக்கோங்க. ஒரு காபிக்காவது நிறுத்துங்க தம்பி" என்றாள் அம்மா, பின்சீட்டு அதிகாரத்தோடு.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஆளுக்கு ஓர் ஊர். அதை மற்ற இருவரும் தொடக்கூடாது. மிச்சமுள்ளவை தூரத்தையும் நேரத்தையும் பார்த்து வாழும் அல்லது சாகும். சித்தப்பா யோசிக்கவே இல்லை, பூம்புகார் என்றார். அம்மா திருக்கடையூர் என்றாள். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் அங்கேதான் நடந்தது. அதற்கு மேல் யார் பேச முடியும்? என்னுடையது தரங்கம்பாடி. ராத்திரிக்கு அங்கே அறை போட்டிருந்ததால் அது எப்படியும் பட்டியலை விட்டுப் போகாது. என் உரிமையை நான் வீணாக்கிவிட்டேன் என்று சித்தப்பா பிற்பாடு சொல்லிக் காட்டினார்.

ஆலம்பரைக் கோட்டை பிழைத்தது டீக்கடைக்காரர் தயவில். "கோட்டைங்களா? மூணு கிலோமீட்டர்தான். பார்க்க ஒண்ணுமில்ல, செவுருதான் நிக்குது" என்றார். இப்படிச் சொல்லிக் கேட்டால் எனக்குப் போகாமல் இருக்க முடியாது. போனால் அவர் சொன்னது சரி, சுவர்தான். ஆனால் அது என்ன சுவர்! ஆளுயரச் செங்கல் பாளங்கள் அப்படியே மல்லாந்து மணலில் கிடக்கின்றன. முன்னால் கழி, அதற்கு அப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். 1750இல் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளே கைக்கு வந்த கோட்டை, பத்தே வருஷத்தில் ஆங்கிலேயர் உடைத்துப் போட்டுவிட்டார்கள். நாணயம் அடித்த இடம். இப்போது கழியில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவரைத் தவிர அங்கே எங்களோடு யாருமில்லை. நாற்பது நிமிஷம்.

மரக்காணம் உப்பளங்களை நிறுத்தாமல் பார்த்தோம். பாண்டிச்சேரிக்கு வெளியே அம்மாவுக்குக் காபி. கடலூரில் சாப்பாடு, சுமார்தான். கடலூர் தாண்டியதும் சாலை கடலை விட்டு ஒதுங்கி உள்ளே போய்விடுகிறது. இங்கேதான் பிச்சாவரம் செத்தது. எனக்கு வருத்தமே. சுரபுன்னைக் காட்டுக்குள் படகு போகும் கால்வாய்களை இன்னொரு முறை பார்க்கக் கொள்ளை ஆசை. ஆனால் கிள்ளை வழியாக உள்ளே போய், படகுக்குச் சீட்டு வாங்கி, லீவு நாள் கூட்டத்தில் காத்திருந்து, துடுப்புப் படகில் ஒரு சுற்று வந்து, திரும்பச் சாலையைப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பரங்கிப்பேட்டைக்கு வேறு விதமான முடிவு. பி. முட்லூரில் இடப்பக்கம் பிரியும் சாலையைப் பார்த்ததும் சித்தப்பாவின் கழுத்து தானாகத் திரும்பியது. "திரும்ப மாட்டேன், கதையைச் சொல்லுங்க" என்றேன். 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியின் பெரும்படை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் சிறுபடையிடம் எப்படித் தோற்றது என்பதைச் சிதம்பரம் வரும் வரை சொல்லிக்கொண்டு வந்தார். டேஷ்போர்டில் இருந்த தண்ணீர் பாட்டில்தான் ஹைதர். சீப்பு, கர்ச்சீப், கண்ணாடிக் கூடு எல்லாம் கம்பெனிப் படை. இறங்கிப் பார்த்திருந்தால் ஒரு சாதாரணக் கடலோர ஊர்தான் தெரிந்திருக்கும்.

பூம்புகார் விஷயத்தில் நான் தோற்றதைச் சொல்லியாக வேண்டும். அதை அடிக்க வேண்டும் என்று சென்னையிலிருந்தே வாதாடி வந்தவள் நான். அங்கே என்ன இருக்கிறது? கடல் கொண்டுபோனது போக, 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம், நினைவு மண்டபங்கள், கடற்கரையில் பஜ்ஜிக் கடை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது தீர்ந்த கணக்கு என்பது என் கட்சி.

கீழையூரில் செங்கல் படகுத்துறைக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார் சித்தப்பா. 1960களில் தோண்டி எடுத்தது. படகைக் கட்ட நட்ட மரக்கம்பம் மண்ணுக்குள் கிடைத்து, அதை வைத்து கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்று காலம் கணித்தார்கள். இன்றைக்கு அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் கண்ணில் படாது, நாலு பக்கமும் நிலம். சித்தப்பா எதுவும் பேசவில்லை. காலையிலிருந்து வாய் மூடாத மனிதர் அவர்.

பிறகு முகத்துவாரம். மணி நாலரை. அரைமணிக்கு முன்னால்தான் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியிருந்தோம். முடியவே முடியாதோ என்று தோன்றும் பாலம் அது. வெள்ளத்தையெல்லாம் முக்கொம்பிலேயே கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. மீதி கல்லணையில் வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து வயலுக்குப் போகிறது. எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதுதான் பூம்புகாருக்கு வருகிறது. ஒரு வாய்க்கால் அகலத்தில், அவசரமே இல்லாமல், மணலைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறது.

"இதுதான் காவிரியாப்பா?" என்று அங்கே நண்டு பிடித்துக்கொண்டிருந்த பையனிடம் கேட்டார் சித்தப்பா.

"ஆமா தாத்தா. அந்தாண்ட போகணுமா? நடந்தே போலாம்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்றார். வெகுநேரம் கழித்து, கடலைப் பார்த்தபடியே, "31 வருஷம் நடத்தியிருக்கேன். இன்னிக்குத்தான் வரேன்" என்றார்.

எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. புகார்க் காண்டத்தை அந்தக் குரலில் கேட்டு வளர்ந்த நாங்கள், அவர் இந்த ஊரில் பிறந்தவர் என்று மட்டும்தான் சொல்லவில்லை. அத்தனை தெருவும் அவருக்கு அத்துப்படி. பள்ளிக்கூடச் சுற்றுலா போகும் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் ஊரில் தங்கி மற்ற வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததாம். பட்டியலில் அரைமணி போட்டிருந்தோம். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திருக்கடையூரில் இருட்டிவிட்டது. பிராகாரத்தில் மாலை வாடாத அறுபதாம் கல்யாண ஜோடிகள், பேரப்பிள்ளைகள், கலசத் தண்ணீரில் நனைந்த பட்டுப்புடவைகள். அம்மா அபிராமியைப் பார்த்துவிட்டு ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்கதான் உங்கப்பா பசிக்குது பசிக்குதுன்னு படுத்தி எடுத்தார்" என்றாள். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். அன்றைய நாளிலேயே சொன்ன நேரத்துக்குள் முடிந்த நிறுத்தம் அது ஒன்றுதான்.

தரங்கம்பாடிக்கு ஏழேகால். 1792இல் கட்டிய நகர வாசலுக்குள் கார் நுழைந்ததும், நாள் முழுக்கச் சாலையை விட்டு விலகியே இருந்த கடல், தெருக்கோடியில் இரைந்துகொண்டிருந்தது. 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை வெறும் நிழலாகத் தெரிந்தது. அதை அடுத்து மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் கட்டியது, முன்பகுதியை அலை அரித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது கருங்கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் விடிந்ததும் பார்க்கலாம் என்றால் விடிந்ததும் கிளம்பியாக வேண்டும். வெளிமானும் பூநாரையும் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்கு வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். 'பொன்னியின் செல்வ'னை நாலு தடவை படித்த அம்மாவுக்குக் குழகர் கோயில் வேறு பார்த்தாக வேண்டும்.

கோட்டைக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டு சித்தப்பா பட்டியலை விரித்தார். நாகூர் இருந்தது. வேளாங்கண்ணியை அம்மாவே அடித்தாள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் பிச்சாவரத்தின் கதிதான். மனோரா நடுப்பகலில் வருகிறது, எட்டு அடுக்கு, நிழல் கிடையாது, தொங்கலில் விட்டோம்.

"கோடியக்கரைக்கா போறீங்க?" என்றார் இட்லிக்காரர், தட்டில் சட்னியை ஊற்றிக்கொண்டே. "வேதாரண்யம் தாண்டினதும் அகஸ்தியம்பள்ளியில உப்பு சத்தியாகிரக ஸ்தூபி இருக்கு. ராஜாஜி உப்பு எடுத்த எடம். எல்லாரும் பறவை பறவைன்னு தாண்டிப் போயிடுறாங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எவ்வளவு உள்ள போகணும்?" என்று கேட்டேன்.

"உள்ளயா? ரோட்டு மேலயே இருக்கும்மா. திரும்பவே வேண்டாம்."

சித்தப்பா பென்சிலை நாக்கில் தொட்டு, தாளின் ஓரத்தில் இடம் தேடி, 24 என்று போட்டார்.

(தொடரும்)