ஐந்து ஆறு, ஐந்து பாட்டு

கோபத்தோடு கோயிலுக்குப் போகக் கூடாது என்பார் என் மாமியார். நான் போனது திருவையாற்றுக்கு. கோபமோ, மூட்டை மூட்டையாக!

விஷயம் இதுதான். அம்மா காலமான பின் வீட்டைக் காலி செய்த என் அண்ணா, பழைய சாமான்களோடு அம்மாவின் தம்பூராவையும் விற்றுவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு மாதம் அவரோடு பேச்சே இல்லை. பகலெல்லாம் அடுப்படியில் பாத்திரங்கள் 'ணங், ணங்' என்று அதிரும். ராத்திரி தூக்கம் வராது.

ஜனவரியில் தஞ்சாவூர்ச் சித்தி போன் செய்தாள். "ஏண்டி, இப்படியே உம்முனு இருந்தா உடம்பு என்னத்துக்காகும்? தியாகராஜர் ஆராதனைக்கு வா. வாயைத் திறந்து பாடு!"

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 12 கிலோமீட்டர். வழியில் ஐந்து பாலங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஒவ்வோர் ஆற்றையும் சித்தி விரல்விட்டு எண்ணினாள். நான் அண்ணாவின் குற்றங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்!

காவிரிக் கரையில்தான் 1847-ல் மறைந்த தியாகராஜரின் சமாதி. அதற்குள் போகும் முன் சித்தி என்னை அருகிலிருந்த இன்னொரு நினைவிடத்துக்கு அழைத்துப் போனாள். பெங்களூர் நாகரத்தினம்மாள், 1952-ல் மறைந்தவர்.

"இந்தச் சமாதிக் கோயிலைத் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினவங்க இவங்க. ஆனா ஆராதனையிலே பெண்கள் பாடக் கூடாதுன்னுட்டாங்க. உனக்கு வந்த கோபம் பெரிசா, அவங்களுக்கு வந்திருக்கக்கூடிய கோபம் பெரிசா?"

"அப்புறம் என்ன செஞ்சாங்க, சித்தி?"

"என்ன செய்வாங்க? பாடினாங்க! 1927-ல பெண்களைச் சேர்த்துத் தனி அணியே ஆரம்பிச்சுட்டாங்க."

1940 வாக்கில் அணிகளெல்லாம் ஒன்றாயின. இன்று அங்கே ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்து பாடுகிறோம் என்றால், அதற்கு அந்த அம்மாளின் பிடிவாதமும் ஒரு காரணம்.

பந்தலில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். நாட்டை ராகத்தில் பஞ்சரத்தினத்தின் முதல் கீர்த்தனை எழுந்தது. அப்பப்பா, நூற்றுக்கணக்கான குரல்கள்! என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினேன். அடுத்தது கௌளை. பிறகு ஆரபி. ஆதி தாளம் தட்டித் தட்டித் தொடை சிவந்தே போயிற்று. தட்டியது தொடையை, மனசில் நினைத்தது யாரை என்று சொல்ல வேண்டுமா?

நான்காவது வராளி. அந்த ராகத்தை நேருக்கு நேர் சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் பகை வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் அம்மா எங்களுக்கு அதைச் சொல்லித் தரவே இல்லை. அவள் தம்பூரா மீட்டிப் பாடும்போது கதவுக்குப் பின்னால் ஒளிந்து கேட்டே கற்றுக்கொண்டோம், நானும் அண்ணாவும்.

அவ்வளவுதான். வரி வரவில்லை, அழுகைதான் வந்தது. எட்டு மாதமாகக் கோபம் என்று நான் நினைத்தது பாதிக்கு மேல் துக்கம் என்று அப்போதுதான் புரிந்தது. சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. தாளம் போட்டுக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவதாக ஸ்ரீராகம் வந்தபோது மூச்சு சீராகியிருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை, சகோதரிகளே. பாடும்போது சட்டென்று மூச்சை இழுத்து, நெடுநேரம் மெல்ல விடுகிறோம். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். கத்தித் தீர்ப்பதும் பாத்திரத்தை வீசுவதும் கோபத்துக்கு நெய் ஊற்றுகிற வேலை. வீட்டில் நீங்களும் செய்து பாருங்களேன். மனசு கொதிக்கும்போது முதலில் அதே வேகத்தில் ஒரு பாட்டு; அப்புறம் கொஞ்சம் நிதானமாக ஒன்று; கடைசியில் தாலாட்டு போல ஒன்று. இசையால் சிகிச்சை தருகிறவர்களும் இப்படிப் படிப்படியாக இறக்கும் முறையைக் கையாளுகிறார்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, கதவைச் சாத்திக்கொண்டால் போதும்! ஆனால் தூக்கமின்மை வாரக் கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பாட்டு துணைதான், சிகிச்சைக்கு மாற்று அல்ல.

திரும்பும்போது கடைத்தெருவில் அசோகா வாங்கினேன். திருவையாற்றுப் பாசிப்பருப்பு அசோகா என்றால் அண்ணாவுக்கு உயிர். மறுநாள் கும்பகோணத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"தம்பூராவை வித்தது எனக்கு ரொம்ப வலிச்சுது, அண்ணா" என்றேன். குரல் உயரவில்லை.

வெகுநேரம் தலைகுனிந்திருந்தார். "அதைப் பாக்கவே முடியலைடி எனக்கு. அதான் வித்துட்டேன்" என்றார்.

தம்பூரா திரும்பி வரப் போவதில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று சாயங்காலம், சுருதி சேர்க்க ஒன்றும் இல்லாமலே, நாங்கள் இருவரும் வராளி பாடினோம்.