வேலியில்லா வெளிக்கும் உரியவர் உண்டு

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்து டார்ட்மூர் மேட்டுநிலத்தில் நாம் நடந்தோம். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வேலியில்லை, வீடில்லை. காற்றும் புல்லும் கரும்பாறைகளுமே. இங்குக் கிரான்மியர் குளம் என்றொரு சதுப்புப் பள்ளம் உண்டு, பெயரில்தான் குளம். அரும்பாடுபட்டு அங்கு வருவோர் தம் பெயர்ச்சீட்டை இட்டுச் செல்ல, 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். பெட்டிகளை ஒளித்துத் தேடும் வழக்கம் இம்மண்ணில் அவ்வாறே வேரூன்றியது.

2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கா தன் செயற்கைக்கோள் குறிகளின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. அம்மாதமே 'ஜியோகேச்சிங்' பிறந்தது. பெட்டியை ஒளித்தவர் அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அறிவிக்க, பிறர் கருவியின் துணையால் தேடிக் கண்டடைவர். நிலத்திற்கு உரியவரின் இசைவைப் பெற்ற பின்னரே ஒளித்தல் வேண்டும் என்பது இதன் விதி.

வேலியற்ற கிரான்மியரும் கார்ன்வால் கோமகனின் உடைமையே. அங்கே படையினர் சுடும் பயிற்சி நிகழும் நாள்களில் செங்கொடி பறக்கும். கேளாமல் ஒளிப்பவர், தேடி வருவோரை அறியாமலே இடருக்கு அழைத்தவராவார். 2011-இல் யார்க்ஷயரின் வெதர்பி நகரில் ஒளிக்கப்பட்டிருந்த சிறு பெட்டியொன்றை வெடிகுண்டென அஞ்சித் தகர்த்தனர்.

நற்செய்தி உவமையில் புதையலைக் கண்டவன், தன் உடைமை யாவும் விற்று அந்நிலத்தையே வாங்கினான். நிலத்தின் உரிமையை அவன் புறக்கணிக்கவில்லை. விளையாட்டேயாயினும், கேட்டுப் பெறுதல் சிறுமையன்று. அயலாரை மதிக்கும் அன்பின் முதற்படி அதுவே.